வர்க்கலைக் குன்றின் ஊற்றுநீர்

மும்பையில் வாழும் நம் அன்பர்கள் வஜ்ரேசுவரி, கணேசபுரி வெந்நீர் ஊற்றுகளில் நீராடியிருப்பர். வடக்கே சென்றோர் மணிகரணையும் கண்டிருப்பர். திருவனந்தபுரம் மாவட்டத்து வர்க்கலையிலும், கடலை நோக்கிய செங்குன்றின் அடியில் புகழ்பெற்ற ஊற்றுகள் உள. ஆனால் அவை வெந்நீர் ஊற்றுகள் அல்ல. இவ்விரு வகைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும்.

மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழம் இறங்கினால், பூமியின் உட்சூட்டால் வெப்பமடைகிறது. பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு ஏறும். வெந்நீர் பாறையிலுள்ள உப்புகள் பலவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே குளமாகத் தேங்கி ஆறும்போது அவற்றுள் ஒரு பகுதி படிகிறது. கரியமில வாயு நீங்குந்தோறும் சுண்ணாம்பு வெண்மையாய்த் திரள்கிறது. லடாக்கின் பூகா ஊற்றுகளருகே வெண்காரமும் கந்தகமும் படிந்துள்ளன.

வர்க்கலையின் வரலாறு வேறு. குன்றின் தலையில் செம்புரைக்கல் உளது. மலையாளத்தார் இதனை வெட்டுக்கல் என்பர். அதன் கீழே மணற்பாறையும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. நெய்வேலியில் நாம் அறிந்த பழுப்பு நிலக்கரியும் இடையிடையே மெல்லிய பட்டைகளாகத் தென்படும். நிலநூலார் இவ்வடுக்குகளுக்கு இவ்வூரின் பெயரையே சூட்டினர். மேலே பெய்யும் மழை மணலில் ஊறி, களிமண்ணைத் துளைக்க மாட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து, குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. ஆழம் செல்லாமையால் அதில் சூடு இல்லை. செம்புரைக்கல்லில் எளிதிற் கரைவன யாவும் பன்னெடுங்கால மழையில் முன்னரே கழுவப்பட்டுவிட்டன. எஞ்சியவை பெரும்பாலும் இரும்பும் அலுமினியமுமே. ஆகவே இத்தகைய நிலத்து நீரில் உப்பு குறைவு. சற்றே அமிலத்தன்மையும் இருக்கும். நீரில் கரைந்து வரும் இரும்பு, காற்றுப் பட்டதும் செந்துருவாய்ப் படியும்.

ஆடி அமாவாசையன்று பாபநாசக் கடற்கரையில் பிதிர்க்கடன் ஆற்ற வருவோர் பலர். ஊற்றுநீர் நோய் தீர்க்கும் என்று பருகுவோரும் உளர். நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. எனினும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்நீர் நெடுந்தொலைவிலிருந்து வருவதன்று. குன்றின் மேற்பரப்பிலிருந்தே வருகிறது. மேலே விடுதிகளும் கழிவுக் குழிகளும் பெருகினால், அவற்றின் அழுக்கும் அவ்வழியே இறங்கும். தெளிவு தூய்மைக்குச் சான்று ஆகாது. ஆதலின் பரிசோதியாத நீரைக் காய்ச்சியே பருகுக. ஊற்றைக் காக்க விழைவோர் முதலில் குன்றின் தலையைக் காத்தல் வேண்டும்.