இருக்கை உறையை இழுத்துப் பிடிப்பது எது?

மோட்டார் காரின் இருக்கையை நீங்கள் எப்போதாவது கூர்ந்து நோக்கியதுண்டா? அமரும் பகுதியின் இரு ஓரங்களும் சற்றே மேடாக எழும்பியிருக்கும், நடுப்பகுதி தாழ்ந்திருக்கும். மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடையே ஆழமான இரண்டு கோடுகள் முன்னும் பின்னுமாக ஓடும். துணியோ ரெக்சினோ தோலோ, எந்த உறையானாலும் அந்தக் கோட்டில் உள்ளே இறங்கி மறைந்து, மறுபக்கம் மேலேறி வரும். கோட்டுக்குள் விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். அடியில் கடினமாக ஏதோ ஒன்று தட்டுப்படும்.

அந்தக் கோடுகள் அழகுக்காகப் போடப்பட்டவை என்று பலர் எண்ணுகின்றனர். அழகும் உண்டுதான். ஆனால் அவை இல்லாவிட்டால் அந்த உறை அந்த மெத்தையின் வடிவத்தில் நிற்கவே நிற்காது. ஏன் என்பதை அறிய ஒரு சிறு சோதனை செய்யலாம். பாத்திரம் துலக்கும் தடித்த பஞ்சு ஒன்று, பழைய கைக்குட்டை, ஊசி நூல், தென்னை ஈர்க்குச்சி இரண்டு துண்டு, இவை போதும்.

ஈர்க்குச்சிச் சோதனை

முதலில் கைக்குட்டையைப் பஞ்சின் மேல் போர்த்தி, ஓரங்களை அடிப்பக்கம் இழுத்து இறுக்கித் தைத்துவிடுங்கள். பஞ்சின் மேற்பரப்பிலும் விளிம்புகளிலும் துணி சுருக்கமின்றிப் படிந்திருக்கும். இப்போது துணியைப் பிரித்து, பஞ்சின் நடுவே நீளவாக்கில் கத்தரிக்கோலால் ஒரு பள்ளம் வெட்டுங்கள். மறுபடியும் துணியை முன்போலவே போர்த்தி இறுக்குங்கள். பள்ளம் எங்கே? காணோம்! துணி பள்ளத்தின் இரு கரைகளையும் தொட்டு, நடுவே பாலம் போல் நிற்கிறது. இன்னும் இறுக்கிப் பாருங்கள். துணி பள்ளத்துக்குள் இறங்காது, மேலும் விறைப்பாகத்தான் ஆகும்.

சரி, ஊசி நூலால் பள்ளத்தின் நடுவே ஓரிடத்தில் துணியைக் குத்தி, நூலைப் பஞ்சின் அடி வரை இழுத்து முடிச்சுப் போடுவோம். அந்த ஓரிடம் மட்டும் குழிவிழுகிறது. அதைச் சுற்றிக் கதிரவனின் கிரணங்கள் போலச் சுருக்கங்கள் ஓடுகின்றன. நூலை வலிந்து இழுத்தால், அடியில் முடிச்சு பஞ்சை அறுத்துக்கொண்டு உள்ளே ஏறிவிடுகிறது.

கடைசியாக, ஓர் ஈர்க்குச்சியைத் துணியின் மேல் பள்ளத்தின் நீளத்துக்கும், மற்றொன்றைப் பஞ்சின் அடியில் அதற்கு நேராகவும் வையுங்கள். இரண்டையும் சேர்த்து மூன்று இடங்களில் நூலால் கட்டுங்கள். துணி முழு நீளத்துக்கும் நேர்கோடாகப் பள்ளத்தில் இறங்கும். பஞ்சும் கிழியாது. உலகெங்கும் ஓடும் கோடிக்கணக்கான கார்களின் இருக்கைகளில் உள்ள இரகசியம் இதுதான். ஈர்க்குச்சிக்குப் பதில் எஃகுக் கம்பி. நூலுக்குப் பதில் ஒரு சின்னஞ்சிறு வளையம்.

இழுவிசையின் குணம்

இழுத்துப் பிடித்த துணி தனக்குக் குறுக்கே விசை செலுத்த வேண்டுமானால் அது வளைந்திருக்க வேண்டும். மேடான இடத்தில் வளைந்து படியும் துணி உள்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம், துணியின் இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஆகவே மேட்டில் துணியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு அது மெத்தையோடு ஒட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் வளைவு எதிர்ப்புறமாக இருப்பதால் விசையும் எதிர்ப்புறமாகிவிடுகிறது. இறுக்க இறுக்கத் துணி மெத்தையை விட்டு எழும்பவே முயலும். வேறு ஏதேனும் ஒரு விசை அதைக் கீழே பிடித்தாக வேண்டும்.

எவ்வளவு விசை வேண்டும்? பள்ளிப் பாடத்தில் வரும் விசைப் பகுப்பைக் கொண்டே கணக்கிடலாம். துணியின் இழுவிசை மீட்டருக்கு 100 நியூட்டன் என்றும், கோட்டின் இருபுறமும் துணி 30 பாகைச் சரிவில் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் மேல்நோக்கி இழுப்பது 100 × சைன் 30, அதாவது மீட்டருக்கு 50 நியூட்டன். இரு பக்கமும் சேர்ந்து 100. கோட்டின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 40 நியூட்டன். ஏறத்தாழ நான்கு கிலோ எடை. ஐந்து வளையங்கள் இருந்தால் ஒன்றின் பங்கு 8 நியூட்டன்தான். எஃகு வளையத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஆனால் ஒருவர் தொப்பென்று உட்காரும்போதும், அமர்ந்தபடியே நகர்ந்து இறங்கும்போதும் இந்த விசை பல மடங்காகிறது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அன்று. வண்டியின் ஆயுள் முழுவதும் ஆயிரக்கணக்கான முறை.

இங்கே பலவீனமான உறுப்பு வளையமும் அன்று, துணியும் அன்று, மெத்தைதான். இன்றைய இருக்கை மெத்தை பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கின் நுரை. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற வேதியியலார் குழுவினர் கண்டறிந்த பொருள் இது. இதன் மென்மையான நுரை வாணிகத்துக்கு வந்தது 1950களில். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அதில் சேர்ந்துள்ள சிறிதளவு நீர் ஐசோசயனேட் என்னும் பகுதியோடு வினைபுரிந்து கரியமில வாயுவைத் தருகிறது. இட்லி மாவு பொங்குவது போலக் கலவை பொங்கி அச்சை நிரப்பிச் சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. ஒரு கன மீட்டர் நுரையின் எடை 50 கிலோ அளவில்தான் இருக்கும். அதே பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல். எனவே நாம் அமர்வது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காற்றின் மேல் எனலாம்! அத்தகைய பொருளில் நேரடியாகக் கொக்கியை மாட்டினால் ரொட்டியில் ஆணி அடித்தது போலத்தான். அதனால்தான் நுரையை ஊற்றுமுன்பே அச்சில் ஒரு கம்பியை வைத்து, அதைச் சுற்றி நுரை பொங்கி இறுகும்படி செய்கிறார்கள். கம்பி தன் நீளம் முழுவதும் நுரையைப் பற்றியிருப்பதால், வளையம் இழுக்கும் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது.

உறையின் பக்கமும் இதே ஏற்பாடுதான். உறையைத் தைக்கும்போது, கோடு வர வேண்டிய தையலின் அடிப்புறம் ஒரு துணிப் பட்டையை மடித்துச் சேர்த்துத் தைப்பார்கள். பாவாடையில் நாடா கோக்கும் மடிப்பை அறிவீர்கள் அல்லவா? அதேதான். நாடாவுக்குப் பதில் அதில் கம்பி நுழைகிறது. பின்னர் உறையை மெத்தைமேல் போர்த்தி, மெத்தையில் உள்ள காடிக்குள் உறையின் கம்பியை அழுத்தி, மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் சேர்த்து வளையம் போடுகிறார்கள். வளையம் முதலில் முழு வட்டமாக இராது. வாய் திறந்த பிறை போல இருக்கும். வாயில் காடி வெட்டிய குறட்டில் அதைப் பொருத்தி, இரு கம்பிகளையும் அதன் வாய்க்குள் கொணர்ந்து அமுக்கினால் முனைகள் ஒன்றையொன்று தாண்டி மூடிக்கொள்ளும்.

இதற்கு ஹாக் ரிங் என்று பெயர். அதாவது பன்றி வளையம். மேலை நாட்டு உழவர்கள், பன்றிகள் நிலத்தைக் கிண்டிப் பாழாக்காமல் இருக்க அவற்றின் மூக்கில் இப்படிப்பட்ட வளையத்தைப் போடுவது வழக்கம். கிண்டினால் மூக்கு வலிக்கும். அந்தக் குறடும் வளையமும் அப்படியே மெத்தைப் பட்டறைக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

நுரைக்கு முன்பு சுருள்வில்களின் மேல் சாக்குத் துணி விரித்து, அதன்மேல் குதிரை மயிர், பஞ்சு, ரப்பர் பூசிய தென்னை நார் போன்றவற்றைப் பரப்பி இருக்கை செய்தார்கள். 1929இல் பிரிட்டனின் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து மெத்தையாக்கும் முறை உருவாயிற்று. வில் இருக்கைகளில் பன்றி வளையத்துக்கு மாட்டிக்கொள்ள வில்லின் கம்பியே இருந்தது. நகரப் பேருந்துகளின் தட்டையான இருக்கைகளிலோ இந்தச் சிக்கலே இல்லை. பள்ளமே இல்லாததால் ரெக்சினை இழுத்து, அடியிலுள்ள ஒட்டுப்பலகையில் ஆணியோ பின்னோ அடித்தால் முடிந்தது.

வேறு வழிகள்

வளையம் உறுதியானது, மலிவானது. ஆனால் நாள் முழுதும் குறட்டை அமுக்கும் தொழிலாளியின் மணிக்கட்டை எண்ணிப் பாருங்கள். ஓர் இருக்கைக்கே பல வளையங்கள். காற்றழுத்தத்தால் இயங்கும் கருவிகள் அமுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாலும், மெத்தையை ஒரு கையால் நசுக்கிக் காடியைத் திறந்து பிடிக்கும் வேலை மனிதனுக்கே உரியதாக இருக்கிறது. ஆகவே வேறு வழிகளும் தோன்றின.

உறையின் வெளி ஓரங்களுக்கு இப்போது பெரும்பாலும் வளையம் இல்லை. ஓரத்தில் தூண்டில் முள் போல வளைந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றைத் தைத்துவிடுகிறார்கள். அதை இருக்கைச் சட்டத்தின் விளிம்பில் மாட்டினால் உறையின் இழுவிசையே அதை அங்கே பூட்டி வைக்கிறது. கருவி வேண்டாம், கை போதும்.

காடிகளுக்குச் சில இடங்களில் வெல்க்ரோ என்னும் ஒட்டுப் பட்டை பயன்படுகிறது. 1941இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் நாயின் மயிரில் ஒட்டிய காட்டுச்செடியின் காயை உருப்பெருக்கியில் பார்த்து, அதன் முட்களின் முனை கொக்கியாக வளைந்திருப்பதைக் கண்டதிலிருந்து பிறந்த பொருள் அது. நம் ஊர் மருளூமத்தைக் காயிலும் அதே கொக்கிகளைக் காணலாம். இருக்கையில் கொக்கிப் பட்டையை நுரையோடு சேர்த்து வார்க்கிறார்கள். இங்கே ஒரு தொல்லை: பொங்கி வரும் நுரை கொக்கிகளுக்கிடையே புகுந்து இறுகிவிட்டால் பட்டை பயனற்றுப் போகும். இதற்காகப் பட்டையில் இரும்புத் துகள் சேர்த்து, அச்சில் காந்தம் பதித்து, நுரை புகாதபடி இறுக ஒட்டவைக்கும் உபாயத்தைக் கையாள்கிறார்கள். சிறிய பொருளுக்கு எவ்வளவு யோசனை பாருங்கள்!

பசை போட்டு முழுவதும் ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒட்டலாம், உறையையே அச்சில் விரித்து அதற்குள் நுரையை ஊற்றும் முறையும் உண்டு. தலைசாய்ப்புத் திண்டுகள் பல அப்படிச் செய்யப்படுபவையே. ஆனால் உறை கிழிந்தால் மெத்தையையும் சேர்த்து மாற்ற வேண்டும். தீ பற்றிய கணக்கும் மாறுகிறது. அமெரிக்காவில் 1972 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி ஒன்றின்படி, வண்டியின் உட்புறப் பொருள்களில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. உறை நுரையோடு தொடும் இடமெல்லாம் ஒட்டியிருந்தால் இரண்டையும் ஒரே பொருளாகக் கொண்டு சோதிக்க வேண்டும்; இல்லையேல் தனித்தனியே.

உறைக்குள் ஒளிந்திருக்கும் பை

இதுவரை சொன்னது தோற்றத்தையும் உழைப்பையும் பற்றியது. உயிரைப் பற்றியதும் உண்டு. 1994இல் வோல்வோ நிறுவனம் பக்கவாட்டுக் காற்றுப்பையை இருக்கைக்குள்ளேயே வைத்து அறிமுகப்படுத்தியது. பக்கவாட்டு மோதலில் கதவுக்கும் மனிதனுக்கும் இடையே இருப்பது ஒரு சாண் இடைவெளிதான். எனவே பை, வினாடியில் நூற்றில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் வெளியே வந்து விரிய வேண்டும். அது வெளிவரும் வழி முதுகுப் பகுதி உறையின் ஓரத் தையல். அந்தத் தையலை மட்டும் எளிதில் அறும் நூலால், வேண்டுமென்றே பலவீனமாகப் போடுகிறார்கள். ஆனால் பலவீனமான தையல் மட்டும் போதாது. பை உந்தும்போது துணி நீண்டு கொடுத்துவிட்டால் தையலுக்கு விசை போய்ச் சேராது. உறையின் ஓரங்கள் சட்டத்தில் அசையாமல் மாட்டப்பட்டிருந்தால்தான் உந்துவிசை முழுவதும் தையலில் குவிந்து, குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் அது பிளக்கும். ஒரு கொக்கி சரியாக மாட்டப்படாவிட்டால், உறை வெளிப்பார்வைக்குக் குறையின்றித்தான் இருக்கும். மோதலின்போதுதான் வேற்றுமை தெரியும்.

புதுக் கார் வாங்கியதும் கடைக்கு ஓட்டிச்சென்று, இருக்கை அழுக்காகாமல் இருக்க மேலே இன்னொரு கனமான உறையைப் போடுவது நம்மிடையே பரவலான பழக்கம். மூல உறையின் தையல் பிளந்தாலும் இரண்டாவது உறை பிளக்குமா? சாதாரண நூலால் வலுவாகத் தைத்த உறை, பையைத் தாமதிக்கச் செய்யலாம், திசைமாற்றலாம். முதுகுப் பகுதியின் கதவுப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ பொறித்த சிறு பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஓரத்தைத் திறந்து விட்ட உறையையோ, அந்த இடத்தில் பிளக்கும் தையல் போட்டு அந்த மாதிரி வண்டிக்கென்றே சோதிக்கப்பட்ட உறையையோ கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்ற உறை இந்த வண்டிக்கு ஆகாது.

பல கார்களில் அமரும் பகுதியில் உறைக்கும் நுரைக்கும் இடையே மெல்லிய உணர்வித் தகடு ஒன்றும் இருக்கும். ஆள் அமர்ந்திருப்பதை அறிந்து, இருக்கை வார் போடச் சொல்லி எச்சரிப்பது அதன் வேலை. உறையை மிகை இறுக்கமாகப் போட்டால், ஆளில்லாத இருக்கையிலேயே எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கும். கீழே இழுக்கும் கோடுகள் இரண்டும் அந்தத் தகட்டின் இருபுறமும் ஓடுவதால், உறை எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம் என்பதைத் தொழிற்சாலையிலேயே வரையறுத்துத்தான் மெத்தையின் அளவையும் உறையின் அளவையும் தீர்மானிக்கிறார்கள்.