கீலாய்டு தழும்பு: யாருக்கு எந்தச் சிகிச்சை?

பனியன் நிறுவனங்களில் நீராவி இஸ்திரிப் பெட்டி சுடுவதும், தையல் ஊசி விரலில் ஏறுவதும் புதியன அல்ல. பெரும்பாலான காயங்கள் ஆறிவிடுகின்றன. சிலருக்கு மட்டும் ஆறிய இடம் தடித்து, அரித்து, காயத்தின் எல்லையையும் கடந்து வளர்கிறது. இதுவே கீலாய்டு. காயத்தை மூடுவதற்கு உடல் உருவாக்கும் கொலாஜன் என்னும் புரதம், தேவை முடிந்த பின்னும் குவிவதால் இது உண்டாகிறது.

இது புற்றுநோய் அன்று, பிறருக்குத் தொற்றாது. காது மடல், மார்பு, தோள் ஆகிய இடங்களில் அதிகம் காணப்படும். குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தால் வாய்ப்பு மிகும். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கும் தழும்பு வேறு வகை. அது நாளடைவில் தானே தணியக்கூடும். எனவே இரண்டில் எது என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செக்கிங் பணிபுரியும் இளம்பெண் ஒருவர், காது குத்திய இடத்தில் வளர்ந்த கட்டியை வேறிடத்தில் இருமுறை வெட்டி எடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. காரணம் எளியது: வெட்டுவதும் ஒரு புதிய காயமே. அறுவை சிகிச்சை மட்டும் செய்தால், ஏறத்தாழப் பாதிப்பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ கீலாய்டு திரும்புகிறது.

ஸ்டீராய்டு ஊசி: பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது. ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே செலுத்தப்படும். அரிப்பும் வலியும் தணிந்து தழும்பு தட்டையாகும். ஊசி வலிக்கும், தோல் மெலியலாம், வெளுக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

5-ஃப்ளூரோயூராசில் ஊசி: ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது அதனுடன் சேர்க்கப்படும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடாது.

உறைகுளிர் சிகிச்சை: திரவ நைட்ரஜனால் உறையவைப்பது. சிறிய தழும்புகளுக்கு ஏற்றது. நம் நிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழ வாய்ப்புண்டு.

சிலிக்கோன் பட்டை: வலியற்றது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், பல மாதங்கள் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய, பழைய கீலாய்டுக்கு இது மட்டும் போதாது. வராமல் தடுக்கவே அதிகம் உதவும். வியர்வையால் தடிப்பு வராதிருக்க, நாள்தோறும் கழுவி உலர்த்துங்கள்.

அறுவையுடன் துணைச் சிகிச்சை: வெட்டியபின் ஸ்டீராய்டு ஊசி, காதுக்கு அழுத்தக் கம்மல், அல்லது ஓரிரு நாளுக்குள் தொடங்கும் கதிர்வீச்சு. கதிர்வீச்சு, திரும்பும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். ஆயினும் சிறுவர்களுக்குத் தவிர்க்கப்படும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

மேற்சொன்ன பெண்ணுக்கு நாங்கள் கூறியதும் இதுவே: மூன்றாம் முறை வெட்டுவதானால், அதன்பின் பல மாதத் தொடர் சிகிச்சைக்கும் இப்போதே மனம் வைக்க வேண்டும். மாதந்தோறும் அரைநாள் கூலியை இழப்பது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும், தழும்பு சற்றுத் தட்டையானதும் நிறுத்திவிட்டால், செய்த செலவும் பட்ட வலியும் வீணாகக்கூடும். உங்கள் ஷிப்டு நேரத்தைத் தயங்காமல் கூறுங்கள். அதற்கேற்பத் தேதி குறிப்போம். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பின் முதல் நாளே கொண்டுவாருங்கள்.

சூடு பட்டால் 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசையும் மையும் வேண்டா. கீலாய்டு வந்தவர்கள் மீண்டும் காது, மூக்குக் குத்துவதையும் பச்சை குத்துவதையும் தவிர்த்திடுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆறிய புண் மீண்டும் தடிக்கத் தொடங்கினால் காத்திராமல் வாருங்கள். சிறிதாக இருக்கும்போதே அடக்குவது எளிது.