மோர் ஃபாஸ்டர்

டியூஷன் பையன் ஒருவன் 'ஹி ரன்ஸ் மோர் ஃபாஸ்டர்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்துவிட்டேன். ஆனால் அவனைக் குறை சொல்லவும் மனசில்லை. தமிழில் 'அவனை விட', 'எல்லாரையும் விட' என்று சேர்த்தால் போதும், 'வேகமாக' அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் வினையடையே உருமாறும்: ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். சூன், ஹார்ட் எல்லாம் இதே ரகம். ஸ்லோலி, கேர்ஃபுலி என்று 'லி'யில் முடிபவற்றுக்கு முன்னால் மோர், மோஸ்ட் வரும். இரண்டையும் சேர்ப்பது சட்டைக்கு மேல் சட்டை. 'எர்லி' மட்டும், 'லி'யில் முடிந்தும் எர்லியர் ஆகிவிடும். வெல், பெட்டர், பெஸ்ட்: இதை நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

பொல்லாதது 'ஹார்ட்லி'. 'ஷி வொர்க்ஸ் ஹார்டர்' என்றால் இன்னும் கடினமாக உழைக்கிறாள். 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே பார்ப்பதில்லை என்கிற மாதிரி. பிளஸ் டூவில் 'ஐ ஸ்டடி ஹார்ட்லி' என்று பெருமையாக எழுதிக் கொடுத்தவன் நான்.

ஒலிம்பிக் முழக்கத்தின் லத்தீன் சொற்களான சிட்டியஸ், ஆல்டியஸ், ஃபோர்டியஸ் மூன்றும் ஒப்பீட்டு வினையடைகள்தான். 2021இல் 'ஒன்றாக' என்ற பொருளில் நாலாவதைச் சேர்த்தார்கள்; ஆங்கிலத்தில் 'டுகெதர்'. இதைச் சொன்னதும் அதே பையன் கேட்டான்: "அதுக்கு மட்டும் மோர் போடலாமா சார்?"