பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம்

1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அமெரிக்காவின் மயாமி நகரில் குடியேறின. 1963-இல் அங்குள்ள கோரல் வே தொடக்கப்பள்ளி துணிச்சலான ஒரு முடிவெடுத்தது. வந்த பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பாதி நாள் ஸ்பானிஷிலும் பாதி நாள் ஆங்கிலத்திலும் பாடம்! அமெரிக்க அரசுப் பள்ளிகளின் இன்றைய இருமொழிக் கல்விக்கு அதுவே முன்னோடி.

இத்தகைய வகுப்புகளில் ஆசிரியர்கள் தவிர்க்கும் ஒரு பழக்கம் உண்டு: ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்வது. அப்படிச் சொன்னால், பிள்ளை தன் மொழி வரும்வரை காதை மூடிக்கொண்டு காத்திருக்கும். அதனால் ஸ்பானிஷ் நேரத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான். புரியாததைப் படத்தாலும் சைகையாலும் புரிய வைக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, காலையில் பிள்ளைகள், ஈரப்பஞ்சில் வைத்த அவரை விதை முளைவிடுவதைப் பற்றி ஸ்பானிஷில் பேசி, படம் வரைகிறார்கள். மதியம் அதே பாடத்தை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதில்லை. முளையின் உயரத்தை அளந்து ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளையும் ஆங்கில வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஜோடி. காலையில் ஒருவர் கைகொடுப்பார், மதியம் மற்றவர். வெட்கம் விலகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இத்தகைய கல்விக்கு எல்லா இடத்திலும் எப்போதும் வரவேற்பு இருந்ததில்லை. கலிபோர்னியாவில் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் இருமொழிக் கல்விக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2016-இல் அதே மாநில மக்கள் மீண்டும் வாக்களித்து, அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள்.