கல்லில் வரைந்த கையெழுத்து

வடசென்னை வியாசர்பாடி வீடுகளின் சுவரில் படத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ரவிவர்மாவின் லட்சுமி, சிவகாசி காலண்டர், கோட்டு அணிந்த அம்பேத்கர் என்று எல்லாமே அச்சுப்படங்கள். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கியபோதுதான் அரண்மனை ஓவியம் ஒற்றை அறை வீட்டுக்கு வர வழி பிறந்தது. ஆனால் அந்த அச்சுப்படங்களில் தெரியும் கையெழுத்தும் அச்சில் வந்ததே. ஒவ்வொரு தாளையும் ஓவியர் தொட்டதில்லை.

ஓவியர் தொட்ட அச்சுக்கு நார்வே ஓவியர் முங்கின் ‘அலறல்’ நல்ல சாட்சி. 1893-இல் வண்ணத்தில் தீட்டியதை 1895-இல் அவரே கல்லில் கறுப்புக் கோடுகளாக மீண்டும் வரைந்தார். பெர்லினில் அச்சான அந்தத் தாள்கள் சிலவற்றில் தன் கையால் கையெழுத்தும் போட்டார். ஓவியத்தின் சிவந்த வானம் அதில் கிடையாது. அந்த இழப்பே அதற்கு வலிமை: வளைந்து நெளியும் கோடுகள் மட்டும் நின்று கதறுகின்றன. அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அவரைத் தொடர்ந்து வந்த ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கும் அச்சு இரண்டாந்தரக் கலையாக இருக்கவில்லை. 1905-இல் டிரெஸ்டனில் உருவான ‘பாலம்’ குழு, சந்தா கட்டியவர்களுக்கு ஆண்டுதோறும் அசல் அச்சுகளைத் தொகுப்பாகவே கொடுத்தது. அவர்களோடு சேர்த்துப் பேசப்படும் கேத்தே கோல்விட்ஸ், ‘நெசவாளர் கிளர்ச்சி’ படத்தொடரை முழுக்க அச்சிலேயே படைத்தார். 1898-இல் நடுவர்கள் அதற்குப் பதக்கம் பரிந்துரைத்தும் ஜெர்மன் பேரரசர் மறுத்துவிட்டார்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சென்னையின் பின்னி நெசவு மில்தான் என் கண்முன் வருகிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நீண்டதும் அந்த ஆலைத் தொழிலாளர்களால்தான். வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்கள் பலவும் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவை. 1996-இல் ஆலை மூடப்பட்டது. நம் நெசவாளருக்கு ஒரு கோல்விட்ஸ் வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.

அச்சுக்கலையில் தேர்ந்தவர்கள் இங்கே இல்லாமலா? கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அதற்கென்றே கூடம் இருக்கிறது. ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் இந்தக் கலையிலேயே பெயர் பெற்றார்கள். எட்சிங்கில் தகட்டை ஒருமுறை அமிலத்தில் அரித்துவிட்டால் போதாது; ஒவ்வொரு முறையும் மை பூசித் துடைக்க வேண்டும், ஈரத்தாளை விரித்து உருளையைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை பாடு. அதனால்தான் 7/25 என்ற எண்ணும் பென்சில் கையெழுத்தும் பொருள் உள்ளவையாக இருந்தன: இருபத்தைந்தில் ஏழாவது, சரிபார்த்தவர் ஓவியரே.

இன்று ஓவியத்தை ஸ்கேன் செய்து, பருத்தித் தாளில் இங்க்ஜெட்டில் எடுத்து, ஓரத்தில் கையெழுத்திட்டு விற்கிறார்கள். கையால் எழுதிய பேனர் இருந்த இடத்துக்கு பிளெக்ஸ் வந்தது போன்ற மாற்றம் இது. நிறம் துல்லியம், விலையும் எட்டும், நல்லதுதான். கையெழுத்து மட்டும் இளைத்துவிட்டது. முன்பு அது உழைப்புக்குச் சாட்சி, இப்போது ஒப்புதல் மட்டுமே.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இங்க்ஜெட்டில் நுண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். எட்சிங்கில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும், மை விரலுக்கு மேடாகத் தட்டுப்படும்.

பிடித்த ஓவியத்தின் சாதாரண நகலைக் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. கையெழுத்துக்கென்று கூடுதல் பணம் கேட்டால், எந்த முறையில் அச்சானது, மொத்தம் எத்தனை, மறுபடியும் அச்சிடுவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது அந்தப் பணத்தோடு பெரியமேடு கவின்கலைக் கல்லூரிப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். வியாசர்பாடிக்கு அது தூரமில்லை. அங்கே ஒரு மாணவர் தன் கையால் எடுத்த அச்சை வாங்கி வீட்டில் மாட்டுங்கள்.