தச்சு மேசைக்கு எந்த வைஸ் வாங்கலாம்?



என் வாப்பா ஓர் ஓடாவி. நிலத்தில் குந்தியிருந்து, பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஒரு நாள் உளி வழுக்கி இடது காற்பெருவிரலில் இறங்கிவிட்டது. இரண்டு மாதம் வேலையில்லை. அந்த இரண்டு மாதத்தையும் உம்மா எப்படிச் சமாளித்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். மரத்தைப் பிடிக்க ஒரு வைஸ் இருந்திருந்தால்?

தச்சுத் தொழில் தொடங்கும் உங்கள் மகனுக்கோ தம்பிக்கோ வைஸ் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் சில விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்.

மரத்துக்கு உரியது எது?

மேசைக்கு மேலே எழுந்து நிற்கும், தாடைகளில் பல் வெட்டிய வைஸ் இரும்பு வேலைக்குரியது. அதில் பலகையை இறுக்கினால் பல் பதிந்துவிடும். வாடிக்கையாளர் நம்பித் தந்த பலகை ஓர் அமானிதமல்லவா? தச்சருக்கு உரியது, மேசையின் முன்விளிம்பில், மேற்பரப்புக்குக் கீழே பொருத்தப்படும் அகன்ற தாடை வைஸ்தான்.

அளவு என்ன?

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் உருவான 'ரெக்கோர்ட்' வைஸ்கள் நெடுங்காலமாகப் பேர்போனவை. அவற்றில் 52, 52½, 53 ஆகிய இலக்கங்களின் தாடை அகலம் முறையே 7, 9, 10½ அங்குலம். சிறு வேலைகளுக்கு 7 அங்குலம் போதும். கதவு, ஜன்னல், அலுமாரி செய்பவருக்கு 9 அங்குலம் ஏற்றது. இவற்றிலுள்ள சிறு நெம்பை அழுத்தினால், திருகாமலே தாடையை முன்பின் இழுக்கலாம். நாள் முழுதும் வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி.

கையில் பணம் குறைவா? திருகுத்தண்டையும் அதன் சுரையையும் மட்டும் வாங்கி, மேசைக்காலோடு சேரும் நீண்ட மரத்தாடையை நீங்களே செய்துகொள்ளலாம். பிடி பலமாக இருக்கும். பலகையின் தடிப்பு மாறும்போது குனிந்து, கீழேயுள்ள ஊசியை வேறு துளைக்கு மாற்ற வேண்டும். சிரமம் அவ்வளவுதான்.

பழையது வாங்கினால் முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். புரி தேய்ந்திருந்தால் இறுக்கும்போது வழுக்கும். வார்ப்பிரும்பில் வெடிப்போ ஒட்டுவேலையோ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பொருத்தும் முறை

வலக்கைப் பழக்கமுள்ளவர் மேசையின் இடது முனையில், காலுக்கு அருகே பொருத்த வேண்டும். இடக்கைக்காரர் வலது முனையில். இரு தாடைகளுக்கும் உட்புறம் மரப்பலகை பதியுங்கள். இரும்பு, மேசை மட்டத்துக்கு அரை அங்குலமாவது கீழே இருக்கட்டும். இல்லையேல் சீவுளியின் அலகு அதில் பட்டு மழுங்கும். உள்தாடைப் பலகையும் மேசை விளிம்பும் ஒரே நேராக அமைய வேண்டும். அப்போதுதான் நீளப் பலகை விளிம்போடு ஒட்டி நிற்கும்.

இன்னொன்று: பலகையை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்தால் தாடை கோணும். அதே தடிப்புள்ள துண்டொன்றை மறுபக்கம் வைத்து இறுக்குங்கள்.

காயம் ஆறிய பின்னும் வாப்பா வைஸ் வாங்கவில்லை. "காலிருக்க இது எதற்கு?" என்பார். உங்கள் பிள்ளை அப்படிச் சொல்ல இடம் வைக்காதீர்கள். உளி வாங்கும் நாளிலேயே வைஸையும் வாங்கிக் கொடுங்கள்.