கடல் பச்சையானா... உஷார்!

ராத்திரி அலை நீலமா மின்னினா உடனே செல்போனைத் தூக்குவீங்கதானே? 2019 ஆகஸ்டில் சென்னை ஈ.சி.ஆர். பக்கம் அதான் நடந்தது. மின்னிய ஆசாமி பேரு நாக்டிலூகா. ஒரே செல்தான். ஆனா, ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். உத்துப் பார்த்தா கண்ணுக்கே தெரியும்!

அடுத்த மாதமே பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. ராமநாதபுரம் மீனவர்களுக்கு இது புதுசில்லை. 'பூங்கோரை'ன்னு தனிப் பேரே உண்டு. 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே கூத்துதான்.

பச்சை எப்படி? உடம்புக்குள்ளே குட்டிப் பாசிகளைக் குடிவெச்சிருக்கு. கூட்டமா செத்து அழுகும்போது தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் காலி. செவுளிலும் பிசுபிசுன்னு அடைச்சுக்கும். மீன் மூச்சுத் திணறியே சாகுது.

வயல் உரமும் சாக்கடையும் கடலில் கலந்தா நுண்பாசி பெருகும். அதைத் தின்னு இதுவும் பெருகும். அதுக்காகப் பச்சையைப் பார்த்ததும் சாக்கடை மேலே பழி போடாதீங்க. காற்று, நீரோட்டத்தால் அடிக்கடல் சத்து மேலே வந்தாலும் இதே கதைதான்.

என்னைக் கேட்டா, நம்பகமான சாட்சி மட்டிதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து தண்ணியை வடிகட்டும். ஈயம், காட்மியம் எல்லாம் உடம்பில் சேரும். பாட்டிலில் பிடிச்ச தண்ணீர் அந்த நிமிஷத்தைத்தான் சொல்லும். மட்டி பல மாதக் கணக்கைச் சொல்லும். 1975-லேயே அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க், 'மஸல் வாட்ச்'னு உலகம் முழுக்க மட்டிகளைக் காவலுக்கு வைக்கச் சொன்னார்.

ராமேஸ்வரம் டூர் போறீங்களா? பச்சைத் தண்ணியும் செத்த மீனும் கண்ணில் பட்டா, மீனை எடுத்துச் சமைச்சிடாதீங்க. தேதி, இடம், போட்டோவோடு மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லுங்க!